‘ஸ்மோக் ஒன் த வோட்டர்’: அந்தப் புகை உண்மையோ?

உவர்மலைப் பெடியன்:
அப்பாவின்ர பழைய கசெற்றில டீப் பேர்ப்பிள் எண்ட ஆங்கில ரொக் குழுவின்ர இந்தப் பாட்டு இருக்கு. என்ன கதை அது?

உப்புவெளி அண்ணை:
உண்மைதான் தம்பி. 1971 டிசம்பர் 4, சுவிற்சர்லாந்து மொன்ட்ரோவில பிராங்க் சப்பாவின்ர கச்சேரி. ஆரோ ஒருத்தன் கூரைக்கு வெளிச்சத் துவக்கால சுட, கசினோவே எரிஞ்சு போச்சு. அங்க பாட்டுப் பதிய வந்த டீப் பேர்ப்பிள்காரர், புகை ஜெனீவா ஏரிக்கு மேல படர்ந்ததைப் பாத்திச்சினம். அவையின்ர கிற்றார்காரர் பிளெக்மோர் பாட்டின்ர தொடக்கக் கிற்றார் இசையை ரெண்டு ரெண்டு தந்தியா விரலாலதான் கிள்ளுவார். டச்பேயில விடியப்புறம் கடல்மேல புகார் கிடந்தா எனக்கு அதுதான் கேக்கும்.

டொக்யார்ட் வீதி:
ரிவி இசையையும் விடாதேங்கோ! ‘மிஷன் இம்பொசிபிள்’ தொடர், 1966, லாலோ ஷிஃப்ரின் போட்ட இசை. தொடையில தட்டிப் பாருங்கோ, அஞ்செண்ணித் தாளம்.

உவர்மலைப் பெடியன்:
தட்டினன், அஞ்சேதான்! இரவைக்கு அப்பாவோட இருந்து ரெண்டையும் கேக்கப் போறன்.