காலை ஒன்பதுக்கு டிஸ்சார்ஜ், இரவு எட்டுக்கு வாசல்: மருத்துவக் காப்பீட்டு அனுபவங்கள்

பவானிக்கரை:

போன ஆவணியில் அப்பாவுக்குப் பித்தப்பை அறுவைச் சிகிச்சை நடந்தது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். மருத்துவர்கள் தங்கமானவர்கள், சிகிச்சையிலும் குறையில்லை. அவர் வீடு திரும்பிய அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

காலை ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்றைக்குக் கிளம்பலாம் ஐயா" என்றார். கையிலிருந்த ஊசிக்குழாயை எடுத்துப் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டினார்கள். அடுத்த நிமிடமே அப்பா மருத்துவமனை உடுப்பைக் கழற்றிவிட்டு, நான்கு நாளாகப் பைக்குள் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பாக்கெட்டில் கண்ணாடிக்கூடு, பேனா. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். காப்பீட்டு ஒப்புதலுக்காக இரவு ஏழே முக்கால் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

துப்புரவுப் பணி செய்யும் அம்மா இரண்டு முறை வாளியோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பகல் சாப்பாடு வரவில்லை. சமையலறைக் கணக்கில் அப்பா காலையிலேயே வீட்டுக்குப் போய்விட்டாராம். மூன்று மணிக்குக் காபி வாங்கக் கீழே இறங்கினேன். அவசரப் பிரிவு நடையில் ஸ்ட்ரெச்சரில் ஒரு பெண், சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். கூட வந்தவர் செவிலியரிடம் கேட்க, "மேலே ஒருவர் கிளம்பவேண்டும், கிளம்பியதும் ரூம் தருகிறோம்" என்றார் செவிலியர். அந்த "மேலே ஒருவர்" என் அப்பாதான். வலியோடு வந்தவர் கீழே காத்திருக்க, நோய் தீர்ந்தவர் மேலே கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் காபி இறங்கவில்லை.

நான்கு மணிக்குக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: நோயாளிக்கு எத்தனை ஆண்டுகளாகச் சர்க்கரை? சேர்த்த அன்று பயிற்சி மருத்துவர் கேஸ் ஷீட்டில் பத்து ஆண்டு என்று எழுதியிருக்கிறார். உண்மையில் நான்கு. பத்து என்றால், பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோயை மறைத்ததாக ஆகிவிடும். அப்பாவுக்கு எதைக் கேட்டாலும் பத்து வருடம்தான். எங்கள் வீட்டு மிக்ஸிக்கும் பத்து வருடம் என்பார். திருத்தக் கடிதம் எழுதி டாக்டரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். அவரோ அறுவை அரங்கில். ஒன்றரை மணி நேரம் போயிற்று.

பில் 1,65,000 ரூபாய். பாலிசி 3 லட்சம். அதில் அறை வாடகை ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000தான் என்று சிறிய எழுத்தில் இருந்ததை நான் படித்திருக்கவில்லை. மூவாயிரம் ரூபாய் அறை காலியில்லை என்றதால் ஐயாயிரம் ரூபாய் அறையில் சேர்த்திருந்தோம். வாடகையில் மிஞ்சுகிற இரண்டாயிரத்தைக் கையிலிருந்து கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். அப்படியில்லை. ஐயாயிரத்தில் மூவாயிரம் என்றால் நூற்றுக்கு அறுபது. அதே விகிதத்தில் அறுவைக் கட்டணம், மயக்க மருந்து டாக்டர், அரங்கு எல்லாவற்றிலும் நூற்றுக்கு நாற்பதை வெட்டிவிட்டார்கள். மருந்திலும் பரிசோதனையிலும்கூட வெட்டு. கையுறை, முகக்கவசம் வகையில் 6,400 தனி. மொத்தம் 69,840 ரூபாய் கட்டிவிட்டுக் கிளம்பினோம்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் உட்கார்ந்து படித்தேன். மருந்து, உடலுக்குள் பொருத்தும் இம்ப்ளான்ட், பரிசோதனைக் கட்டணங்களில் இந்த விகித வெட்டு கூடாது; காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதியிலேயே இருக்கிறது. ஆணையத்தின் புகார்த் தளமான பீமா பரோசாவில் புகார் பதிந்தேன். 15,440 ரூபாய் திரும்ப வந்தது. கேட்காமல் விட்டிருந்தால்? வேறு யாருக்கெல்லாம் இப்படி நடந்திருக்கிறது, எழுதுங்கள்.

கவுன்ட்டர் நான்கு:

சகோதரி, மருத்துவமனையின் காப்பீட்டு மேசைக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆள் நான். வேறு ஊர், வேறு மருத்துவமனை. பதினோரு ஆண்டாகக் கேஷ்லெஸ் கோப்புகள்தான், அதாவது காப்பீட்டு நிறுவனமே நேராக மருத்துவமனைக்குப் பணம் கட்டும் கோப்புகள்தான் என் வேலை.

காப்பீட்டு ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி முன் அனுமதிக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும். தாண்டினால் அதனால் ஏறும் கூடுதல் செலவு காப்பீட்டு நிறுவனத்தின் தலையில். நல்ல விதிதான். ஆனால் அந்த மூன்று மணி நேரம் எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். பெரிய டாக்டர் போகலாம் என்பது ஒன்பது மணிக்கு. டியூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரி டைப் செய்து, பெரியவர் திருத்தி, என் மேசைக்கு வரும்போது பன்னிரண்டு. வார்டில் மீந்த மருந்துகள் மருந்தகத்துக்குத் திரும்பிக் கணக்கில் ஏறினால்தான் பில் மூடும். நான் கோப்பை அனுப்புவது ஒன்றரைக்கு. அவர்கள் கடிகாரம் அப்போதுதான் ஓடத் தொடங்குகிறது. நடுவில் ஒரு கேள்வியைத் தட்டிவிட்டால் அதுவும் நின்றுவிடும். பாதிப் பழி எங்கள் பக்கமும் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளாமல் எழுதினால் நான் தூங்க முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வயிற்று வலி என்று ஒருவர் வருகிறார். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் வெளிநோயாளியாகவே ஒரு காலையில் முடித்து அனுப்பலாம். பன்னிரண்டாயிரம் ஆகும் என்றதும், "படுத்தால் இன்ஷூரன்ஸில் வருமா?" என்று அவரே கேட்கிறார். வெறும் பரிசோதனைக்காகச் சேர்த்தால் பாலிசி தராது. ஆகவே ஒரு நோய்ப் பெயர் எழுதப்படும், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏறும், இருபத்து நான்கு மணி நேரம் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அந்தக் கட்டிலுக்காகவும் கீழே யாரோ ஒருவர் ஸ்ட்ரெச்சரில் காத்திருப்பார். இதில் பொய் சொன்னது யார் என்று கேட்டால் நோயாளி, மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம் என்று மூன்று பேரையும் காட்டலாம்.

கும்பகோணத்து மருமகள்:

அண்ணா, நீங்கள் படுக்க வைத்தவர்களைப் பற்றிச் சொன்னீர்கள். படுக்காததால் கெட்டுப்போன கதை எங்கள் வீட்டில்.

மாமியாருக்குப் பதினெட்டு ஆண்டாகச் சர்க்கரை. இரண்டு ஆண்டுக்கு முன் இடது கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம். வாசல் தெளிக்கும்போது எதையோ மிதித்திருக்கிறார், உறைக்கவில்லை. உணர்ச்சி போன கால். புண்ணைப் பார்த்த டாக்டர், ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்து டிரெஸ்ஸிங் செய்துகொள்ளச் சொன்னார். ஒரு தடவைக்கு 350 ரூபாய், ஆட்டோவுக்குப் போக வர 160. என் கணவருடைய கம்பெனி பாலிசியில் மாமியார் பெயர் இருக்கிறது, 4 லட்சம். வெளிநோயாளிச் செலவுக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது.

மூன்று வாரம் ஒழுங்காகப் போனோம். பிறகு மாமியார் கணக்குப் போட ஆரம்பித்தார். "ஒரு நடைக்கு ஐந்நூறா? பஞ்சை வைத்துக் கட்டத் தெரியாதா நமக்கு?" வாரம் இருமுறை ஆயிற்று, ஒருமுறை ஆயிற்று. நானும் விட்டுவிட்டேன், மறைக்கவில்லை. பள்ளிக் கட்டண மாதம். மார்கழியில் ஒரு நாள் காலையில் கட்டை அவிழ்த்தபோது வாடை வந்தது. விரல் நுனி அத்திப்பழம்போலக் கறுத்திருந்தது.

விரலை எடுத்தார்கள். ஆறு நாள் மருத்துவமனை, 1,12,000 ரூபாய். கேஷ்லெஸ் ஒப்புதல் அரை மணி நேரத்தில் வந்தது. கேள்வி எதுவும் இல்லை. இதைவிட வேடிக்கை, டிஸ்சார்ஜுக்குப் பிறகு அறுபது நாள் ஆகும் செலவு பாலிசியில் உண்டாம். அதே டாக்டர், அதே அறை, அதே 350 ரூபாய் டிரெஸ்ஸிங். ரசீதை அனுப்பியதும் பணம் வந்தது. விரல் இருந்தவரை தராத பணத்தை விரல் போன பிறகு தந்தார்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்:

மகளே, படித்துவிட்டுச் சற்று நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

என்னுடையது சிறிய சங்கதி. தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2022 ஜூலையில் தொடங்கியது. மாதம் 497 ரூபாய் ஓய்வூதியத்தில் பிடித்தார்கள். கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 30,000 ரூபாய் உச்சவரம்பாக இருந்தது. கண் மருத்துவமனையில் ஒரு பெண் மூன்று வண்ண அட்டைகளை மேசையில் பரப்பி, "உங்கள் திட்டத்துக்கு இந்த லென்ஸ்தான் ஐயா வரும், மேலே 22,000 கட்டினால் இதைப் போடலாம்" என்றார். கட்டாவிட்டால் பார்வை குறைந்துவிடுமோ என்ற பயம் அந்தத் தொனியிலேயே இருந்தது. நான் டாக்டரிடம் நேராகக் கேட்டேன். சாதாரண லென்ஸில் தூரம் நன்றாகத் தெரியும், படிக்கக் கண்ணாடி போடவேண்டும், அவ்வளவே வித்தியாசம் என்றார். முப்பத்தைந்து ஆண்டு கண்ணாடி போட்ட மூக்கு இது. அதற்கென்ன புதிதாக வலிக்கப் போகிறது? பஞ்சாங்கத்தின் சின்ன எழுத்தைக் கண்ணாடியோடு சுகமாகப் படிக்கிறேன்.

பாலாற்றங்கரை:

எல்லோரும் நொந்துபோய் எழுதுகிறீர்கள். எனக்கு நல்லது நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். தம்பி கட்டட வேலை செய்கிறவன். நெஞ்சு வலியோடு அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். காப்பீட்டு அட்டை எடுத்து வைத்திருக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, குடும்ப அட்டையோடு கலெக்டர் அலுவலகத்துக்கு ஓடினேன். முதலமைச்சர் காப்பீட்டுக்கு அங்கே தனி மையம் இருக்கிறது. தம்பி மனைவியைப் படம் எடுத்து மதியத்துக்குள் எண் கொடுத்துவிட்டார்கள். இதயக் குழாயின் அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். மருந்துச் சீட்டைத் தூக்கிக்கொண்டு வெளிக்கடைக்கு ஒரு தடவைகூட நான் ஓடவில்லை. அட்டை இல்லாதவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள்.

இருபது படுக்கை:

சிறிய ஊரில் சிறிய மருத்துவமனை நடத்தும் மருத்துவன் நான். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது என் தந்தை இதை நடத்திக்கொண்டிருந்தார். ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு 1 லட்சம். 2012இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. இப்போது வருமான வரம்பு 1,20,000, காப்பீடு 5 லட்சம். பாலாற்றங்கரை சொன்னது முற்றிலும் உண்மை. இந்தத் திட்டம் இல்லாவிட்டால் பிழைத்திருக்க மாட்டார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

ஆனால் அது பேக்கேஜ். இந்த அறுவைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. நாற்பது வயதுக்காரர் மூன்றாம் நாள் எழுந்து நடந்து போனாலும், எழுபது வயதுச் சர்க்கரைக்காரர் புண் ஆறாமல் பத்து நாள் கிடந்தாலும் அதே தொகை. அதுவும் கைக்கு வர மாதங்கள் ஆகலாம். செவிலியர் சம்பளம் ஒன்றாம் தேதி கொடுக்கவேண்டும். அப்போது என் போன்றவன் என்ன செய்கிறான்? வாசலிலேயே வயதைப் பார்க்கிறான், சர்க்கரை அளவைப் பார்க்கிறான், "பெரிய இடத்துக்குக் கொண்டு போங்கள், அங்கே வசதி அதிகம்" என்கிறான். பொய்யும் இல்லை. ஆனால் பணம் முழுதாகக் கட்டுகிற எழுபது வயதுக்காரரை நான் இதுவரை அப்படி அனுப்பியதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

கும்பகோணத்து அம்மா எழுதிய புண்ணுக்கு என்னிடம் சமாதானம் இல்லை. எங்களிடம் வரும் கால்களில் பாதி, டிரெஸ்ஸிங்கிலேயே நின்றிருக்க வேண்டியவை.

பவானிக்கரை:

கவுன்ட்டர் அண்ணா, இன்னொரு விஷயமும் உங்களால்தான் தேடிப் படித்தேன். அறுபது மாதம் விடாமல் கட்டிய பாலிசியில், மோசடியை நிரூபித்தால் ஒழிய, முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள் என்று கிளெய்மை மறுக்க முடியாதாம். அப்பாவுடைய பாலிசிக்கு எழுபத்திரண்டு மாதம். எந்தக் கேள்விக்காக அன்று சாயங்காலம் ஓடினேனோ, அதற்கு நான்கென்றாலும் பத்தென்றாலும் ஒரே விடைதான். மீண்டும் தகராறு வந்தால் சென்னை தேனாம்பேட்டையில் காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது என்று குறித்து வைத்திருக்கிறேன்.

கும்பகோணத்து அக்கா, அத்தைக்கு இப்போது கால் எப்படி? என் அப்பாவுக்கும் எம்.சி.ஆர். செருப்பு, சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு, வாங்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எங்கே வாங்கினீர்கள்? அதற்காவது பாலிசியில் பணம் வந்ததா?

கும்பகோணத்து மருமகள்:

வரவில்லை. காப்பீட்டில் வராத பொருட்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அறுபத்தெட்டு பொருள், உங்கள் அப்பாவின் கையுறை இருக்கிற அதே பட்டியல். சர்க்கரை நோயாளிச் செருப்பும் அதில்தான் இருக்கிறது. தஞ்சாவூரில் கால் அளவு எடுத்துச் செய்து தருகிறார்கள், 1,400 ரூபாய் ஆயிற்று.

அத்தை நன்றாக இருக்கிறார். செருப்பைத்தான் இன்னும் அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. ஆயிரத்து நானூறு ரூபாய்ச் செருப்பை மண்ணில் போட்டு மிதிப்பதா என்கிறார். இன்று காலையிலும் வெறுங்காலோடுதான் வாசல் தெளித்தார்.