ஆஃப்லைன் கேமும் டேட்டா அனுப்புது, எப்படி நிறுத்துறது?

கேள்வி (கிருஷ்ணகிரி):
ரவுண்டானா பக்கம் சின்ன கேமிங் சென்டர், எல்லாம் விண்டோஸ் 11. வர்றது பெரும்பாலும் ஸ்கூல் பசங்க. ஆஃப்லைன் கேம் ஓடும்போதும் ரவுட்டர் லைட் விடாம மினுக்குது. என்ன போகுதுன்னு எப்படிப் பார்க்கிறது?

பதில் (ஓசூர்):
ரிசோர்ஸ் மானிட்டர்ல நெட்வொர்க் டேப் போங்கண்ணா. கேமோட பேருக்கு டிக் போட்டா, எந்த முகவரிக்குப் போகுதுன்னு கீழே டிசிபி பட்டியல்ல காட்டும். கேம் ஃபோல்டரையும் ஒருதரம் பாருங்க. 2018ல, ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில வித்த பல கேம்களுக்குள்ள ரெட்ஷெல்னு ஒரு டிஎல்எல் (கேமோட சேர்ந்து ஓடுற துணை ஃபைல்) இருந்தது தெரியவந்துச்சு. ஐபி, ஸ்கிரீன் அளவு, ஃபான்ட் இதையெல்லாம் வெச்சு, எந்த விளம்பரத்தைப் பார்த்து கேம் வாங்கினீங்கன்னு பொருத்துறதுதான் அதோட வேலை. ஆடுறவங்க கொந்தளிச்ச பிறகுதான் கம்பெனிகள் எடுத்தாங்க. கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும்.

பதில் (தர்மபுரி):
முதல்ல கேமோட செட்டிங்ஸ்ல டேட்டா ஷேரிங்கை ஆஃப் பண்ணுங்க. அது இல்லேன்னா ஹோஸ்ட்ஸ் ஃபைல், அதாவது எந்த டொமைன் எந்த முகவரிக்குப் போகணும்னு விண்டோஸ் பார்க்கிற பட்டியல். நோட்பேடை அட்மினா திறந்து, அந்த ஃபைல்ல ஒரு வரி சேருங்க: 0.0.0.0, ஒரு இடைவெளி, டேட்டா போற டிராக்கர் டொமைன். சேவ் பண்றப்ப .டிஎக்ஸ்டி ஒட்டிக்கிச்சுன்னா வேலை செய்யாது, முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறது அங்கதான். டிஎல்எல்லை மட்டும் அழிச்சா அடுத்த அப்டேட்ல திரும்ப வந்துடும். லாகின், ஆன்டி-சீட் (ஏமாத்தி ஆடுறதைத் தடுக்கிறது) டொமைன்களைத் தொடாதீங்க, கேமே திறக்காது.

பதில் (பாலக்கோடு):
பசங்க போனுக்கு: ஆண்ட்ராய்டு 12ஓ அதுக்கு மேலயோன்னா செட்டிங்ஸ், பிரைவசி, ஆட்ஸ் போய் விளம்பர ஐடியை (விளம்பரத்துக்காக போனை அடையாளம் காட்டுற எண்) டெலீட் பண்ணுங்க. ஆப்புக்கு வெறும் பூஜ்யங்கள்தான் கிடைக்கும். 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்தோட 9ஆம் பிரிவு சொல்றது: 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க டேட்டாவைப் பயன்படுத்த பெத்தவங்க சம்மதம் வேணும், பசங்களைக் கண்காணிக்கவும் கூடாது.