மறு: ‘ஆக்டிவ் த்ரெட் கவுன்ட்’ – ‘வாழ்புரி எண்ணிக்கை’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஆக்டிவ் த்ரெட் கவுன்ட்’ என்பதற்குத் தமிழாக ‘செயல்படும் இழைகளின் எண்ணிக்கை’ என்ற முன்மொழிவைப் பார்த்தேன் (த்ரெட், அதாவது இழை, ஒரு நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைத்தொடர்). படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணினி எண்ணுவது அதை அல்ல. பைத்தான் நிரல்மொழியில் ஒரு சிறு நிரல் எழுதி, ஐந்து இழைகளைத் தொடங்கி, ஒவ்வொன்றையும் 10 விநாடி தூங்கவிட்டு, உடனே இழைகளை எண்ணித் தரும் ‘ஆக்டிவ் கவுன்ட்’ செயற்கூற்றை (ஃபங்ஷன்) அழைத்துப் பாருங்கள். 6 என்று விடை வரும். ஐந்தும் உறக்கத்தில் இருக்கின்றன. ஆறாவது, நிரல் தொடங்கும்போதே இருக்கும் முதன்மை இழை. இன்னும் தொடங்காதவையும் ஓடி முடிந்தவையும்தான் கணக்கில் சேராது. ஆக, உயிரோடு இருந்தால் போதும், வேலை செய்ய வேண்டியதில்லை. முட்டுக்கட்டையில் (டெட்லாக்) சிக்கிய நிரலில் இழைகள் ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடக்கும். ஒன்றும் நகராது, எண்ணிக்கையும் குறையாது. அங்கே ‘செயல்படும்’ என்று எழுதினால் பிழை தேடுகிறவரைத் திசைதிருப்பிவிடுவோம்.

உயிர் என்ற பொருள் வரவேண்டும். ஆனால் ‘இழை’யோடு சேர்த்தால் புணர்ச்சி காலை வாருகிறது. ‘உயிர்ப்பிழை’யில் பிழை வந்து நிற்கிறது. ‘உயிரிழை எண்ணிக்கை’யைக் கண் உயிரிழந்தோர் எண்ணிக்கை என்றே படிக்கும். ‘செயலிழை’க்கும் செயலிழப்பின் சாயல். ‘நடப்பு இழை’ நல்ல சொல்தான், ஆனால் அது ‘கரன்ட் த்ரெட்’டுக்கு, அதாவது அந்த நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் இழைக்கு, வேண்டும்.

அதனால் ‘புரி’ பக்கம் போகலாம் என்கிறேன். ‘மல்ட்டித்ரெட்’டைப் ‘பல்புரி’ என்று எழுதுகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். முப்புரிக் கயிற்றில் புரிகள் தனித்தனி, கயிறு ஒன்று. ஒரே நிரலுக்குள் ஓடும் த்ரெட்களுக்கு இது இழையைவிடப் பொருத்தம். வினைத்தொகைக்கும் இணங்கிவரும்: ஓடுபுரி, உறங்குபுரி, வாழ்புரி. என் பரிந்துரை ‘வாழ்புரி எண்ணிக்கை’.

ஜாவா நிரல்மொழிக்கு மட்டும் ‘உத்தேச’ என்ற அடைமொழி தேவைப்படும். அங்கே இதே வேலைக்கான செயற்கூறு தன்னை அழைத்த புரி இருக்கும் குழுவையும் அதன் உட்குழுக்களையும் மட்டுமே பார்க்கிறது. எண்ணி முடிப்பதற்குள் புரிகள் பிறக்கலாம், முடியலாம் என்பதால் தருவது உத்தேசக் கணக்கு என்று அதன் ஆவணமே சொல்கிறது.

பூட்டுக்காக (ஒரு நேரத்தில் ஒரு புரி மட்டுமே பொதுத் தரவைத் தொட விடும் ஏற்பாடு) காத்திருக்கும் புரிக்கு ‘தடைபுரி’ என்ற சொல் எனக்கு நிறைவாக இல்லை. அதற்கு வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.