கச்சான் காத்தும் ஏசி அறையும்: ஓட்டை அடைச்ச அனுபவங்கள்

கல்லடியிலிருந்து:
அம்மாவுக்குத் தொய்வு (ஆஸ்மா) வருத்தம். கச்சான், அதான் மேற்கால வாற வறண்ட காத்து, அடிக்கிற காலத்துப் புழுதியத் தாங்கமாட்டா எண்டு அவட அறைக்கு 9000 பிடியூ (குளிராக்குற சக்தியிட அளவு) ஏசி ஒண்டு பூட்டினம். கச்சான் தொடங்கினதும் 24-ல விட்டாலும் அறை குளிரல்ல, மெசின் நிக்காம ஓடுது. பூட்டினவங்களக் கேட்டா, "இது காணாது, 12000 போடுங்க" எண்டுட்டாங்க. 2022 ஓகஸ்டில 75 வீதம், 2023 பெப்ரவரியில திரும்ப 66 வீதம் எண்டு கரண்டுக் கட்டணம் ஏறினதத் தாங்கி வந்த வீடு இது. இன்னொரு மெசின நினைக்கவே ஏலாது.

ஒட்டறை அடிக்கக்குள்ளதான் விசயம் பிடிபட்டிச்சு. சீலிங்கும் மேற்குச் சுவரும் சேருற விளிம்பில, விரலால இழுத்த மாதிரி மண்நிறத்தில ஒரு கோடு. யன்னலுக்கு மேல காத்துப் போக வைச்ச ஓட்டைக் கல்லுக்கு நாங்க மட்டை ஒட்டியிருந்தம். அந்த மட்டையச் சுத்தியும் அதே நிறம். மேற்கால, வாவிக்கு அங்கால உள்ள படுவான்கரைப் பக்கத்தால வாற காத்து, தான் நுழைஞ்ச இடமெல்லாம் புழுதியால அடையாளம் வைச்சிட்டுப் போயிருக்கு. ஏசி பைப் வெளிய போற ஓட்டையப் பார்த்தா, அடைச்ச களி காஞ்சு உதிர்ந்து ரெண்டு விரல் போற அளவு இடைவெளி. உள்ளுக்குப் பல்லி முட்டைக் கோதும் கிடந்திச்சு.

அண்டிரவு அம்மாவ விறாந்தையில இருத்திப்போட்டு, பேனையும் ஏசியையும் நிப்பாட்டி, ஊதுபத்தி ஒண்டக் கொளுத்தி ஒவ்வொரு விளிம்பாப் பிடிச்சன். புகை நேர எழும்பினா அந்த இடம் சரி. வளைஞ்சா ஓட்டை. சீலிங் லைட்டச் சுத்தியும் புகை வளைஞ்சிச்சு; ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில கிடக்கிற வெக்கை அந்த வழியாலதான் இறங்கியிருக்கு.

ஓட்டைக் கல்ல வெளியால சீமெந்து பூசி அடைச்சம். சீலிங் விளிம்புக்கு சிலிக்கன், கதவுக்குக் கீழ ரப்பர் பட்டி, பைப் ஓட்டைக்குப் புதுக் களி. எல்லாம் 4000 ரூபாய்க்குள்ள முடிஞ்சிச்சு. அடுத்த பில்லில 41 அலகு குறைவு. இப்ப மெசின் இடைக்கிட நிக்குது. அது நிக்கக்குள்ள அம்மாட மூச்சுச் சத்தம் சீரா வாறது கேக்கும், அதுதான் எனக்குப் பெரிசு.

கல்முனையிலிருந்து:
அக்கா, நான் ஏசி திருத்துற வேலை செய்றன். ஓட்டை உள்ள அறைக்குப் பெரிய மெசின் போட்டா குளிர் கெதியா வந்து மெசின் வெட்டிடும், ஈரம் மட்டும் அப்பிடியே நிக்கும். இன்வேட்டர் இல்லாத, அதாவது வேகத்தக் குறைக்காம ஓடுறதும் நிக்கிறதும் மட்டும் செய்ற மெசினில இது இன்னும் மோசம். உடம்பு குளிரும், போர்வை நசநசக்கும். கச்சான் வறண்ட காத்து, அதனால அப்ப இது தெரியாது. கச்சான் முடிஞ்சு கடல் காத்து வரக்குள்ள பாருங்க. உள்ள வாற ஈரத்தில ஒரு லீற்றர் தண்ணியப் பிரிக்க மெசின் ஏறக்குறைய 0.7 அலகு (கிலோவாட் மணி) வெப்பத்த இழுத்து வெளிய தள்ளோணும். தண்ணி போற குழாய்க்குக் கீழ வாளி வைச்சு, அடைக்க முன்னம் ஒரு ராவும் அடைச்ச பிறகு ஒரு ராவும் அளந்து பாருங்க. நான் போற வீடுகளில இதத்தான் முதல்ல செய்யச் சொல்றது.

ஏறாவூரிலிருந்து:
நானும் அடைச்சன், ஆனா ஒரு இடத்தில பிழை விட்டுட்டன். அலுமினியம் ஸ்லைடிங் யன்னலிட கீழ்ச் சட்டத்தில வெளிப்பக்கமா சின்னச் சின்ன வெட்டு இருக்கும். அதையும் ஓட்டை எண்டு நினைச்சு சிலிக்கன் வைச்சிட்டன். மார்கழி மழைக்குச் சட்டம் நிரம்பித் தண்ணி உள்பக்கமா வழிஞ்சு, வாப்பாட மெத்தை நனைஞ்சு போச்சு. அது மழைத்தண்ணி வெளிய போற வழி. பிளேடால சுரண்டி எடுத்தன். கவனிக்க வேண்டியது யன்னல் தட்டு ஓடுற இடத்து பிறஸ் (தூரிகை மயிர்) பட்டியத்தான். தேஞ்சிருந்தா மாத்துங்க, விலை பெரிசில்ல.

வாழைச்சேனையிலிருந்து:
அக்கா, எங்கட ஏசி அறைக்குப் பக்கத்திலதான் குசினி. அதிலயும் ஓட்டைக் கல் இருக்கு. அதையும் பூசட்டா?

கல்லடியிலிருந்து:
வேணாம் தம்பி. காஸ் அடுப்போ விறகடுப்போ எரியிற இடத்துக்குக் காத்து கட்டாயம் வேணும். குசினியில உள்ளத அப்பிடியே விடுங்க. அறைக்கும் குசினிக்கும் நடுவில இருக்கிற கதவுக்கு மட்டும் கீழ ரப்பர் பட்டி அடியுங்க. ஏசி அறையையும் விடிய நிப்பாட்டினதும் கொஞ்ச நேரம் திறந்து விடுங்க. நாங்க அம்மா பல்லு விளக்கி வாற வரைக்கும் திறந்து வைக்கிறம்.