பழைய சிடியும் புதிய பதிப்பும்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஈசூன் மேய்ப்பன்

மார்ச் விடுமுறையில் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். உயர்நிலை இரண்டு படிக்கிறான். மடிக்கணினியைத் திறந்து, "மாமா, நீங்க சின்ன வயசுல ஆடுனது இதுதானே?" என்று காட்டினான். ஊர் கட்டி, படை திரட்டிச் சண்டை போடும் கணினி விளையாட்டான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, டெஃபினிட்டிவ் எடிஷன். 2019 நவம்பரில் வந்த பதிப்பு. நான் கடைசியாகத் தொட்டது 2000-இல் வந்த கான்கரர்ஸ் என்ற விரிவாக்கத்தின் சிடி. அதற்கப்புறம் தேசிய சேவை, வேலை, கல்யாணம் என்று காலம் ஓடிவிட்டது.

சரி, பையனுக்கு ஒரு பாடம் நடத்தலாம் என்று உட்கார்ந்தேன்.

என் பெருமை எல்லாம் பண்ணைதான். பழைய ஆட்டத்தில் ஒரு பண்ணை போட 60 மரம். மேம்பாடு எதுவும் செய்யாவிட்டால் 175 உணவு தரும், பிறகு காய்ந்துவிடும். பழுப்புத் திட்டாகக் கிடக்கும் நிலத்துக்குப் பக்கத்தில் விவசாயி கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். 1999-இல் வந்த முதல் பதிப்பில் ஒவ்வொன்றையும் நாமே போய் மறுபடி விதைக்க வேண்டும். கான்கரர்ஸ் வந்தபோது, மில் என்கிற ஆலைக் கட்டடத்தில் முன்கூட்டியே மரத்தைக் கட்டிவைத்தால் பண்ணை காயும்போது அதுவே விதைத்துக்கொள்ளும் என்றார்கள். கட்டி வைக்க மறந்தால் அதே கதைதான். எந்தப் பண்ணை எப்போது காயும் என்பது எனக்கு ஒரு மாதிரி உடம்பிலேயே தெரியும். சண்டைக்கு நடுவில் கை தானாக அங்கே போய்விட்டு வரும். கூட்டாளிகள் என்னை 'விவசாயி' என்றே கூப்பிடுவார்கள்.

இப்போது மில்லில் ஒரே ஒரு பொத்தான். அதை அமுக்கிவிட்டால் மரம் இருக்கும்வரை எல்லாப் பண்ணையும் தன்னைத்தானே விதைத்துக்கொள்கிறது. வேவு பார்க்கும் குதிரைக்காரனுக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது, அவனே ஊர் சுற்றிவிட்டு வருகிறான். மரத்துக்கு எத்தனை பேர், தங்கத்துக்கு எத்தனை பேர், சும்மா நிற்பவர் எத்தனை பேர் என்று திரையின் மேலேயே எண் ஓடுகிறது. நாங்கள் முற்றுப்புள்ளி விசையைத் தட்டித் தட்டிச் சோம்பேறிகளைத் தேடிய காலம் கண்முன் வந்தது.

ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. பையனுடைய வில்லாளிகள் என் மரவெட்டிகளுக்குப் பின்பக்கமாக வந்து நிற்கிறார்கள். "மாமா, ஏன் பண்ணையவே பாத்துட்டு இருக்கீங்க?" என்றான். உண்மைதான். வேலை இல்லாத இடத்தில் என் கண் காவல் காத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கைவந்த வித்தையை இந்தப் பதிப்பு இனாமாக எல்லோருக்கும் கொடுத்துவிட்டது. அதில் மிச்சமான கையை வைத்து அவன் சண்டை போடுகிறான், நான் அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டையும் ஆடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்களுக்கு எது பிடிபட்டது, எது போச்சு?

லேன்கடை முன்னாள்

அண்ணே, படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிங்கப்பூர் செலிகி சாலை பார்க்லேன் பக்கம், கணினிகளை இணைத்து ஆடும் லேன் கடைகளில் வளர்ந்த ஆள். பள்ளிச் சீருடையோடு எட்டுப் பேர் வரிசையாக உட்காருவோம். பக்கத்துப் பையனின் கோட்டை விழுந்தால் அவன் நாற்காலி பின்னால் போவது முதலில் கேட்கும், திரையில் அப்புறம்தான் தெரியும். வேவுக்காரனே தேவைப்படாது, எட்டிப் பார்த்தால் போதும். (எட்டிப் பார்த்ததற்கு ஒருமுறை தலையில் குட்டும் வாங்கினேன்.)

நடுவில் 2013-இல் ஹெச்டி எடிஷன் வந்ததே, அதை யாரும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. படம் பெரிய திரைக்கு நீண்டது, அவ்வளவுதான். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஆடினால், பாதி ஆட்டத்தில் ஒவ்வொருவர் கணினியும் வெவ்வேறு கதை சொல்லும், உடனே ஆட்டம் அறுந்துவிடும். அந்தக் கோபத்தில்தான் டெஃபினிட்டிவ் வந்தபோதும் தொடாமல் இருந்தேன். கோவிட் முடக்கமான சர்க்கிட் பிரேக்கர் சமயத்தில், 2020 ஏப்ரலில், வீட்டில் அடைந்து கிடந்தபோது வேறு வழியில்லாமல் வாங்கினேன்.

மாறாத ஒன்றைச் சொல்கிறேன். எண்ணைத் தட்டினால் குரல் வருமே, 11 போட்டால் அந்தச் சிரிப்பு, 14 போட்டால் 'சீக்கிரம் ஆரம்பிங்கப்பா' என்கிற சலிப்பு, 30 போட்டால் எதிரியை நம் பக்கம் இழுக்கும் துறவியின் 'வோலோலோ'. அதே எண்கள், அதே குரல்கள். முதல் ஆட்டத்திலேயே முன்பின் தெரியாத எவனோ ஒருவன் தோற்கும் நேரத்தில் 11 போட்டான். நானும் 11 போட்டேன். நாற்காலி பின்னால் போகும் சத்தம் மட்டும்தான் இல்லை.

கற்கோட்டை அக்கா

நான் யாரோடும் மோதியதில்லை. தம்பி தூங்கிய பிறகு தனியாகக் கதைப் படலங்களை ஆடுவேன். வில்லியம் வாலஸ் என்கிற பயிற்சிப் படலத்தில் பாடம் படித்துவிட்டு ஜோன் ஆஃப் ஆர்க், சலாடின், செங்கிஸ் கான், பார்பரோசா. அப்போது 13 நாகரிகங்கள் இருந்தன, கான்கரர்ஸில் 18 ஆனது. அதில் இந்தியா என்று ஒரு பெயர்கூடக் கிடையாது. ஹெச்டி காலத்தில் 'இந்தியர்' என்று மொத்தமாக ஒன்று வந்தது. 2022 ஏப்ரலில் டெஃபினிட்டிவ் எடிஷனுக்கு வந்த இந்திய அரச வம்சங்கள் விரிவாக்கத்தில்தான் அதைப் பிரித்தார்கள். பழைய இந்தியர் இந்துஸ்தானி ஆனார்கள், வங்காளிகளும் கூர்ஜரர்களும் திராவிடர்களும் புதிதாக வந்தார்கள்.

திராவிடரை எடுத்து முதல் ஆளைச் சொடுக்கினேன். ஒலிபெருக்கியில் தமிழ். சமையலறையிலிருந்து அம்மா, "யாருடீ வந்திருக்கா? உக்காரச் சொல்லு" என்றார்கள். இருபது வருஷமாக அந்தப் பெட்டிக்குள்ளிருந்து புரியாத மொழிகளாகக் கேட்டுப் பழகிய வீடு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மரம் வெட்டறவன் என்ன இவ்வளவு மரியாதையாப் பேசறான்" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். சோழர், பாண்டியர், சேரர், இன்னும் தெலுங்கு, கன்னட அரசுகள் எல்லாவற்றையும் ஒரே 'திராவிடர்' சட்டியில் போட்டுக் கிண்டியது எனக்கு ஒட்டவில்லை. ஆனால் குதிரைப்படை விஷயத்தில் பலர் புலம்புகிறார்களே, அதில் எனக்குப் புகார் இல்லை. நைட் என்கிற கனரகக் குதிரைவீரன் கிடையாது, யானையும் காலாட்படையும்தான். தெற்கே நல்ல குதிரை கடல்வழியாக அரபு நாட்டிலிருந்து வந்து இறங்கியதுதான். பாண்டிய நாட்டுக் குதிரை இறக்குமதியைப் பற்றி மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். உருமி என்கிற வளையும் வாளை வீசும் காலாள் ஒருவன் இருக்கிறான். தெம்பு நிரம்பியதும் ஒரு சுழற்று சுழற்றினால் சுற்றி நிற்பவர் எல்லோருக்கும் அடி விழும். அதைப் பார்க்கவே இரண்டு முறை தோற்றேன்.

வோலோலோ 77

அக்கா சொன்னதையே பிடித்துக்கொள்கிறேன். எங்கள் மாடியில் எதிர்வீட்டுக்காரர் மலாய் நண்பர். வெள்ளிக்கிழமை இரவு கோப்பிக்கடையில் ஆளுக்கு ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, அவரவர் வீட்டுக்குப் போய் ஆடுவோம். நடுவில் ஒரு நடைபாதைதான், இருந்தாலும் இணையம் வழியாக. அவர் மலாய் எடுப்பார். 2016-இல் ஹெச்டிக்கு வந்த விரிவாக்கத்திலேயே மலாய்க்காரர்கள் வந்துவிட்டார்கள், நமக்கு ஆறு வருஷம் முந்தி. நான் திராவிடர்.

அவருடைய கராம்பிட் வீரர்கள் மக்கள்தொகைக் கணக்கில் பாதி ஆள்தான். எறும்பு மாதிரி வருவார்கள். எனக்கோ ஒவ்வொரு யுகம் தாண்டும்போதும் 200 மரம் இலவசம், ஆகவே கப்பல் கட்டித் தள்ளுவேன். திரிசடை என்று பெரிய கப்பல் ஒன்று இருக்கிறது. ஒருநாள் பத்துத் திரிசடைகளோடு அவர் துறைமுகத்துக்குப் போனேன். அவர் அதற்குள் துறைகளை எல்லாம் அம்பு எய்யும் துறைமுகங்களாக மாற்றி வைத்திருக்கிறார். பாதிக் கப்பல் போனாலும் கரையைப் பிடித்துவிட்டேன்.

கதவு தட்டும் சத்தம். திறந்தால் அவரே நிற்கிறார். "1025-இல் வந்தது போதாதா உங்களுக்கு?" என்றார். ராஜேந்திர சோழன் ஶ்ரீவிஜயத்தின் மீது கப்பல்படை அனுப்பிய ஆண்டு அது. கடாரம் என்று நம் கல்வெட்டு சொல்வது அவருடைய தாத்தா ஊரான கெடா. எனக்குப் பதில் வரவில்லை, முறுக்கு டப்பாவை நீட்டினேன். பழைய சிடியில் இந்த வம்பு நடந்திருக்கவே முடியாது. அதில் நானும் அவரும் பிரிட்டனாகவும் கோத்தாகவும் இருந்து அடித்துக்கொண்டிருப்போம்.

டிரைவ் இல்லாதவன்

என்னிடம் அசல் சிடி இன்னும் இருக்கிறது. போடுவதற்கு டிரைவ்தான் இல்லை. விண்டோஸ் 7-இல் அதை ஓடவிட்டவர்களுக்கு நினைவிருக்கும்: தண்ணீர் சிவப்பாகவும் புல் ஊதாவாகவும் மாறிவிடும். விண்டோஸ் எக்ஸ்புளோரரை மூடிவிட்டு ஆடினால் நிறம் திரும்பி வரும். எங்கள் வீட்டில் அது ஒரு சடங்கு.

புதியதில் கோட்டை கல் கல்லாகச் சரிவது அழகு, மறுக்கவில்லை. ஆனால் நாற்பது தாண்டிய கண்ணுக்கு அந்த மரங்களுக்குள் வில்லாளி எங்கே இருக்கிறான் என்று தெரிவதில்லை. மரத்தைச் சின்னதாக்கும் மாட் (ரசிகர்கள் செய்யும் மாற்றுக் கோப்பு) ஒன்றைப் போட்ட பிறகுதான் நிம்மதி. உருப்பெருக்கிப் பார்க்கும் வசதி பழையதில் கிடையாது, அதற்காகவே புதியவனுக்கு ஓட்டு.

ஈசூன் மேய்ப்பன்

எல்லோருக்கும் நன்றி. அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன்.

தினமும் வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு பயிற்சி எடுத்தேன். கணினியோடு ஆடும்போது எதிராளியின் மூளையைத் தேர்ந்தெடுக்கலாம்: புதியது, ஹெச்டி காலத்தது, சிடி காலத்தது. சிடி காலத்து மூளையை முதல் இரவிலேயே அடித்தேன். பழைய எதிரியைப் பார்த்ததில் ஒரு சந்தோஷம். அவன் மிகக் கடினமான நிலையில் கூடுதல் பொருள் வாங்கிக்கொண்டு ஏமாற்றுவான், மற்றபடி அப்பாவி. புதியவன் ஏமாற்றுவதில்லை, நம் ஓட்டை எங்கே என்று பார்த்து வருகிறான். நடுத்தர நிலையிலேயே மூன்று முறை என்னைத் துரத்தினான்.

ஜூன் விடுமுறைக்கு அக்கா மகன் மறுபடி வந்தான். ஒரே நிபந்தனை போட்டேன்: இரண்டு பேரும் தானாக விதைக்கும் பொத்தானைத் தொடக்கூடாது. "இவ்வளவுதானா மாமா?" என்றான்.

முதல் பண்ணை காய்ந்தபோது அவன் கவனிக்கவில்லை. அப்புறம் இரண்டு, அப்புறம் நான்கு. "ஐயோ, இது எப்பப் பாத்தாலும் காயுதே!" என்று கத்திக்கொண்டு ஓடி ஓடி விதைத்தான். வில்லாளிகள் வரவில்லை. நான் நிதானமாகக் கோட்டை யுகத்துக்குப் போனேன். அப்புறம் என்ன நடந்தது என்றே தெரியவில்லை, அவன் திடீரென்று சுதாரித்துக்கொண்டு யானைகளோடு வந்து என்னை முடித்துவிட்டான். பரவாயில்லை, பையன் சீக்கிரம் கற்றுக்கொள்கிறான் என்று கையைக் குலுக்கினேன்.

ராத்திரி ஆட்டப் பதிவை ஓடவிட்டு, அவன் பக்கத்திலிருந்து பார்த்தேன். காய்ந்து கிடந்த ஆறு பண்ணைகளும் ஒரே நொடியில் பச்சையாயின. அவன் கர்சர் மில் மேல் நிற்கிறது.