நாள் குறித்த சிசேரியன்: மலையிலிருந்து இறங்கியது முதல் மறுபடி ஏறியது வரை

நாகலூர் மருமகள்:

எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு இந்த மாதம் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். பயந்துபோய் இருக்கிறாள். நாள் குறித்துச் செய்துகொண்டவர்கள் அவரவருக்கு நடந்ததைச் சொன்னால் அவளுக்கு உதவும். முதலில் என் கதை.

எனக்கு இது இரண்டாவது. முதல் பிரசவத்தில் வலி எடுத்து, பதினான்கு மணி நேரம் துடித்து, கடைசியில் அவசரமாக ஆபரேஷன். இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை வருடம்கூட இல்லை. அதனால் இந்த முறை வலிக்குக் காத்திருக்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வர இருபது கொண்டை ஊசி வளைவு. பழைய தையல் உள்ள வயிற்றோடு நடுராத்திரியில் வலி எடுத்தால் யாரைக் கூப்பிட்டு, எந்த வண்டியில் இறங்குவது? 36 வாரம் முடிந்ததுமே சேலம் கோரிமேட்டில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். மலையில் இருப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். பை கட்டுவதெல்லாம் அப்புறம்.

அத்தைக்கு 37-வது வாரத்தில் வந்த ஒரு நல்ல நட்சத்திரத்தின் மேல் கண். டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "39 முடியட்டும்மா. முன்னாடியே எடுத்தா குழந்தை மூச்சு விட சிரமப்படும், கண்ணாடிப் பெட்டியில வைக்க வேண்டி வரும். 39-க்கு மேல நீங்க எந்த நட்சத்திரம் சொன்னாலும் எனக்குச் சரி" என்றார். அப்படித்தான் ஒரு புதன்கிழமை, ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள் என்று முடிவானது. அன்று காலை பார்த்து ஓர் அவசரக் கேஸ் வந்து சேர்ந்தது. என்னை உள்ளே கூட்டிப்போகும்போது மணி 12.20. புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. அத்தை வராண்டாவில் கடிகாரத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். குழந்தை பிறந்தது 12.47. ஜோசியரிடம் எந்த நேரம் சொல்லி ஜாதகம் எழுதினார் என்று நான் இதுவரை கேட்கவில்லை.

நேரம் தள்ளிப்போனதில் எனக்கு உண்மையான கஷ்டம் பட்டினிதான். முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு இட்லி. அதன் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டை ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும் என்பது சரி. வெறும் தண்ணீர் என்றால் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்க விடுவார்கள் என்று மயக்க மருந்து டாக்டர் சொன்னபோது மணி பதினொன்று. தள்ளிப்போகிறது என்று தெரிந்தால் வாய்விட்டுக் கேளுங்கள். அவர்களாக வந்து சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.

இன்னொன்று, கொலுசு. சிரிக்காதீர்கள். தியேட்டருக்குள் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று தோடு, மெட்டி, வளையல் எல்லாம் கழற்றினோம். கல்யாணத்துக்குச் செவ்வாய்பேட்டையில் எடுத்த கொலுசு மட்டும் வரவில்லை. கால் வீங்கியிருந்தது, திருகாணி துருத்திக்கொண்டு நின்றது. இரண்டு நர்ஸம்மாக்கள் சோப்பு நுரை போட்டு ஆளுக்கொரு காலாக உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம் ஆனது. பத்து நாள் முன்பே கழற்றிவிடுங்கள். நகப்பூச்சும் வேண்டாம், ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டும் கருவி சரியாகக் காட்டாது. வீட்டிலேயே பிளேடு வைத்து மழிக்கவும் வேண்டாம், கீறல் பட்டால் சீழ் பிடிக்கும். தேவையானதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

முதுகில் ஊசி போடும்போது முதுகை வளைத்து உட்காரச் சொல்வார்கள். அவ்வளவு பெரிய வயிற்றை வைத்துக்கொண்டு எங்கே வளைவது? ஒரு நர்ஸம்மா எதிரே நின்று என் நெற்றியைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். ஊசி எறும்புக்கடி மாதிரிதான். கொஞ்ச நேரத்தில் இரண்டு காலிலும் வெந்நீர் இறங்குவது போல ஒரு சூடு, அப்புறம் கால் என்னுடையது இல்லை. எதுவரை மரத்திருக்கிறது என்று பார்க்க வயிற்றில் பஞ்சை வைத்து "சில்லுனு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே மேலே வந்தார் டாக்டர். வலி கிடையாது, ஆனால் இழுப்பது தெரியும், நெஞ்சுக்குக் கீழே அழுத்துவது தெரியும். இதை யாரும் முன்னாடி சொல்லாததால் மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்துவிட்டேன். பல் கிட்டித்துக் கை நடுங்கியது. அதுவும் சகஜமாம்.

மறுநாள் காலை மூத்திரக் குழாயை எடுத்துவிட்டு "எழுந்து நடங்க" என்றார்கள். நான் பயந்தது ஆபரேஷனுக்கு. பயந்திருக்க வேண்டியது இதற்கு. நேராக எழப் பார்த்தேன், தையல் பிய்ந்துவிட்டது என்றே நினைத்தேன். நர்ஸம்மா என்னைப் படுக்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார்: ஒருக்களித்துப் படு, முழங்காலை மடக்கு, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்க விடு, அந்தக் கனத்திலேயே முழங்கையை ஊன்றி எழுந்திரு. வயிற்றுக்கு வேலையே கொடுக்கக் கூடாது. இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் மடித்த பழைய சேலையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டிலிலிருந்து பாத்ரூம் ஏழு எட்டு அடிதான் இருக்கும். போய் வர இருபது நிமிடம். சாயங்காலம் பத்து நிமிடம். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், வாயுவும் பிரியாது. வலி மாத்திரையை வலி வரும் வரை காத்திருந்து போடாதீர்கள், சொன்ன நேரத்துக்குப் போடுங்கள்.

அம்மாபேட்டை தறிக்காரி:

எனக்குக் குழந்தை தலை திரும்பவில்லை, அதனால் நாள் குறித்தார்கள். சேலம் அரசு பெரியாஸ்பத்திரியில்தான். பிக்மி எண் (கர்ப்பத்தை அரசாங்கத்தில் பதிவு செய்த எண்) இருக்கும் அட்டை, ஆதார், பேங்க் புத்தகம் மூன்றையும் ஒரே கவரில் போட்டு அம்மா மடியில் கட்டிக்கொண்டார். வார்டுக்குள் பெண் துணை மட்டும்தான், வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே. வீட்டுக்கு 102 வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள், காசு கிடையாது. என் ரத்தம் ஓ நெகட்டிவ் என்பதால் இரண்டு பேரை முன்னாடியே சொல்லி வைத்திருந்தோம், தேவைப்படவில்லை. குழந்தைக்குப் பாசிட்டிவ். அப்படியிருந்தால் 72 மணி நேரத்துக்குள் பெற்றவளுக்கு ஓர் ஊசி போட வேண்டும், அடுத்த பிள்ளைக்காக. நெகட்டிவ்காரர்கள் அதை நினைவு வைத்துக் கேளுங்கள்.

பால் கொடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே? மடியில் போட்டுக் கொடுத்தால் குழந்தையின் கால் நேராகத் தையலில் உதைக்கும். இடுப்பில் குடம் வைப்போமே, அந்த மாதிரி குழந்தையைக் கக்கத்தில் இடுக்கி, கால் நம் முதுகுப் பக்கம் போகும்படி பிடித்துக்கொண்டால் வயிற்றில் படாது. முதல் இரண்டு நாள் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அந்த மஞ்சள் சீம்பாலே அதற்குப் போதும். எங்கள் அம்மாயி சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரோடு வந்துவிட்டது. வார்டு நர்ஸம்மா போட்ட சத்தத்தில் அந்த டம்ளரை அம்மாயியே குடித்துவிட்டது.

சூரமங்கலம் சித்தி:

என் கதை வேறு. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும் தலைவலி. சாதாரணத் தலைவலி இல்லை. உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் போய்விடும். சீதளம் பிடித்திருக்கிறது என்று காதில் பஞ்சு வைத்துப் பற்றுப் போட்டார்கள். இரண்டு நாள் வீணானது. போய்க் காட்டினால், முதுகு ஊசியால் சிலருக்கு இப்படி வருமாம். நிறையத் தண்ணீர் குடி, காபி குடி, படுத்திரு என்று மாத்திரை கொடுத்தார்கள். நான்கைந்து நாளில் போய்விட்டது, போகாதவர்களுக்கு வேறு வைத்தியமும் உண்டு. எழுந்து உட்கார்ந்தால் மட்டும் வரும் தலைவலி என்றால் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். காய்ச்சல், தையலில் சிவப்பு, சீழ், துர்நாற்றம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, மணிக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவுக்கு ரத்தப்போக்கு, இதில் எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

பத்தியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் குடித்தால் புண் ஆறாது, பருப்பு தின்றால் சீழ் வைக்கும் என்று எனக்கு ரசம் சோறும் பூண்டும் மட்டும் போட்டார்கள். ஐந்தாம் நாள் மலச்சிக்கல். புதுத் தையலோடு முக்குவதை நினைத்துப் பாருங்கள். பாலாக மாறுவதும் அந்தத் தண்ணீர்தானே? டாக்டர் கீரை, பருப்பு, முட்டை, பழம் எல்லாம் சாப்பிடச் சொல்லிவிட்டார். பூண்டுக் குழம்பை நான் குறை சொல்ல மாட்டேன், எங்கள் அம்மா வைத்தது அவ்வளவு ருசி.

ஓமலூர் அப்பா:

ஆண்கள் இங்கே பேசலாமா தெரியவில்லை. ஒன்றுதான். குழந்தையை விடக் கனமான எதையும் ஆறு வாரம் தூக்கக் கூடாது என்றார்கள். ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு வயது மூத்தவன் இருக்கிறான். "அம்மா தூக்கு" என்று நிற்பான். அவள் தரையில் உட்கார முடியாது, குனிய முடியாது, இரண்டு பேரும் அழுவார்கள். கட்டில் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டேன். அவனே ஏறி அவள் பக்கத்தில் படுத்துக்கொள்ளப் பழகிவிட்டான். குடம், சிலிண்டர், ஈரத்துணி வாளி எல்லாம் என் கணக்கு.

நாகலூர் மருமகள்:

தாராளமாகப் பேசுங்க அண்ணா. முக்காலி யோசனை எனக்குத் தெரியாமல் போயிற்றே.

மலை ஏறியது நாற்பது நாள் கழித்து. சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் சின்னத் தலையணை, பெல்ட்டின் கீழ்ப்பட்டை தையலுக்குக் கீழே தொடை மேல். பத்தாவது வளைவில் நிறுத்திப் பால் கொடுத்தேன். தையலுக்கு மேலே ஒரு கை அகலத்துக்கு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, மாதக்கணக்கில் அப்படி இருக்கலாமாம்.

வெள்ளக்கடை (நாள் குறித்தவள்):

அக்கா, நான்தான் அந்தப் பெண். எனக்கு வரும் திங்கள், 39 வாரம் 2 நாள். அடிவாரத்தில் பெரியம்மா வீட்டுக்கு இறங்கிவிட்டேன். இடது கால் கொலுசு கழன்றுவிட்டது. வலது காலுக்குப் பெரியம்மா சோப்போடு உட்கார்ந்திருக்கிறார்.