உள்ளே திரும்பிய முட்டி, கூனிய தோள்: பாப் ஃபாசி பாணியைப் பரதம் படித்தவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

சத்துவாச்சாரி_சதங்கை:

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் கல்லூரிப் பிள்ளைகள் எட்டுப் பேர், அமெரிக்க நடன அமைப்பாளர், இயக்குநர் பாப் ஃபாசிக்கு மரியாதையாக ஆறு நிமிட ஆட்டம் ஒன்று தயாராகிறது. ஐந்து பேர் சின்ன வயதிலிருந்தே பரதம் படித்தவர்கள்.

இந்த மனிதர் மேல் அவ்வளவு பிரியம். 1927-ல் சிகாகோவில் பிறந்தவர். பாலேவுக்கு வேண்டியபடி கால் வெளியே திரும்பாது, உள்ளேதான் திரும்பும். தோள் கூனல். முடி கொட்டியதால் தொப்பி, தன் கைகள் தனக்கே பிடிக்காததால் கையுறை. இத்தனையையும் மறைக்காமல் அதையே பாணியாக்கி, 1973 ஒரே ஆண்டில் ஆஸ்கர் (சினிமா), டோனி (மேடை நாடகம்), எம்மி (தொலைக்காட்சி) மூன்று விருதுகளையும் வாங்கினார்.

சிக்கல் என்னவென்றால், அரைமண்டி (முட்டியை வெளியே மடக்கிப் பாதி அமரும் பரத நிலை) பழக்கத்தில் முட்டி தானாக வெளியே போகிறது. உள்ளே கொண்டுவரச் சொன்னால் இரண்டு பெண்களுக்கு முட்டியின் உள்பக்கம் வலி. தோளைக் கூனச் சொன்னால் பரீட்சையில் தோற்ற மாதிரி நிற்கிறார்கள். பரதத்துக்கு நேர் எதிரான ஆட்டம் என்பதால்தான் இப்படியா? மேடை சிமென்ட் தரை. தொப்பி, ஷூவுக்கும் யோசனை வேண்டும்.

பாலாறு_அடவு:

மேடம், வலி இருக்கும் இருவருக்கும் இந்தப் பயிற்சியை இன்றைக்கே நிறுத்துங்கள். முட்டி கதவுக் கீல் மாதிரி மடங்கி நீளும் மூட்டு, முறுக்கு தாங்காது. கால் உள்ளே திரும்புவது இடுப்பு மூட்டில் நடக்க வேண்டும். இடுப்பு திரும்பாத மிச்சத்தை முட்டி வாங்கும்போதுதான் உள்பக்கம் வலிக்கும்.

முதலில் எட்டுப் பேரையும் அளந்து பாருங்கள். குப்புறப் படுத்து, முட்டி இரண்டும் ஒட்டியிருக்க, காலை 90 டிகிரி மடக்கி, பாதங்களை இரண்டு பக்கமும் தானாக விழ விடச் சொல்லுங்கள். செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்கிறதோ அதுதான் அவரவர் இடுப்பு உள்ளே திரும்பும் அளவு. பெரும்பாலோருக்கு 30 முதல் 45 டிகிரி வரை போகும். அதற்குக் குறைவாக இருப்பவர்களை அழுத்தித் திருப்பக் கூடாது. அவர்களுக்கு ஒரு கால் மட்டும் திரும்பும் நிலை போதும், இன்னொரு கால் நேராக நிற்கட்டும்.

ஒரு காலை இப்படிப் பழக்குங்கள். பாதம் இரண்டும் இணையாக. எடை முழுக்க இடது காலில். வலது குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தில் மட்டும் நின்று, தொடையிலிருந்து உள்ளே திருப்ப வேண்டும். குதிகால் வெளியே போகும். முட்டிச் சில்லும் இரண்டாவது விரலும் ஒரே திசையைப் பார்க்கிறதா என்று பாருங்கள். குதிகால் தூக்கியிருப்பதால் பாதம் தரையில் வழுக்கித் திரும்பும், முறுக்கு முட்டியில் தங்காது. எட்டு எண்ணிக்கையில் உள்ளே, எட்டில் வெளியே. ஒரு வாரம் போனபின் நாலு, பிறகு இரண்டு. ஒரே எண்ணிக்கையில் 'டக்'கென்று திருப்புவது கடைசியில்தான்.

பரதக்காரர்களுக்குத் தொடையை வெளியே திருப்பும் புட்டத் தசைகள் இறுகியிருக்கும். தரையில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, பாதங்களை அகல வைத்து, முட்டியை மாற்றி மாற்றி உள்பக்கம் சாய்க்கட்டும், பக்கத்துக்குப் பத்து. இன்னொன்று: உள்ளே திரும்பிய நிலையில் பாதத்தால் தரையைத் தட்டுவது வேண்டவே வேண்டாம். அரைமண்டியில் தட்டுகிற வேகத்தை அந்த நிலையில் போட்டால் முட்டி போய்விடும். ஃபாசியின் பாதம் அடிக்காது, ஊர்ந்து போகும்.

கூத்துக்கொட்டகை:

'நேர் எதிர்' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபாசிக்கு முந்தைய தலைமுறையில் ஜாக் கோல் என்றொரு நடன அமைப்பாளர். லா மெரி என்ற அமெரிக்க நடனக் கலைஞரிடம் பரதம் படித்து, அதை ஜாஸ் இசைக்கு ஆடியவர். அவருக்கு உதவியாளராக இருந்தவர் நடனக் கலைஞர் க்வென் வெர்டன். அந்த வெர்டன்தான் 1955-லிருந்து ஃபாசியோடு வேலை செய்தார், 1960-ல் அவரையே மணந்தார். ஃபாசி ஆட்டத்தில் கழுத்து தனியாக, கண் தனியாக அசைவதற்கு நம் ஊர் வேரும் ஒன்று உண்டு என்றுதான் நான் பார்க்கிறேன். உங்கள் ஐந்து பெண்களுக்கும் கிரீவ பேதத்தில் (பரதத்தின் கழுத்தசைவுகள்) 'சுந்தரி' தெரியும்தானே? அதிலிருந்து தொடங்குங்கள், ஒரு உறுப்பு அசைய மற்றதெல்லாம் சும்மா இருப்பது அவர்களுக்குப் பழகிய வித்தை.

வெர்டனுக்கும் ஒரு குறை உண்டு, குழந்தையில் ரிக்கெட்ஸ் (எலும்பு வலுவிழந்து வளையும் நோய்). கால்கள் வளைந்து, அதை நிமிர்த்தும் பூட்ஸ் போட்டு வளர்ந்தவர். ஃபாசியைப் பற்றிப் பேசும்போது அவரை விட்டுவிடாதீர்கள்.

தோள் விஷயம். தோற்ற மாதிரி தெரிவது ஏனென்றால் கூனும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்து தொங்கிவிடுகிறது. மேல்முதுகு மட்டும் வளையணும். வயிறு உள்ளே, பிடரி நீளம், தாடை முன்னால் நீட்டக் கூடாது, முழங்கை கக்கத்தில் துண்டு இடுக்கினாற்போல விலாவோடு ஒட்டியிருக்கணும். பிறகு ஒரே தோளைச் சுழற்றுங்கள்: முன்னால் இரண்டு எண்ணிக்கை, மேலே இரண்டு, பின்னால் இரண்டு, கீழே இரண்டு. அடுத்த தோளின்மேல் பக்கத்தில் நிற்பவர் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும். அது துளியும் அசையாவிட்டால்தான் சரி.

கைக்கு, ஓட்டோடு இருக்கும் அரைவேக்காட்டு முட்டையை உடையாமல் பிடித்த மாதிரி விரல்கள். ஃபாசியின் ஆட்டக்காரர்கள் அந்தக் கைக்கு வைத்த பெயரே அதுதான். மணிக்கட்டு தொங்கணும், விரல் தொங்கக் கூடாது.

நம் பழைய வடாற்காட்டிலேயே பாருங்கள், புரிசைப் பக்கத்துத் தெருக்கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் (தோளில் கட்டும் அணி) ஏறிவிட்டால் கையைத் தாராளமாக வீசுவது சிரமம். ஆட்டமெல்லாம் காலுக்கும் கிர்க்கிக்கும் (சுழன்றாடுவது) இறங்கிவிடும். அந்தக் கிர்க்கியைப் பார்த்து யாரும் 'கை வீச முடியல பாவம்' என்று சொன்னதில்லை.

ஆம்பூர்_அடித்தோல்:

ஷூவுக்கு அலையவே வேணாங்க, நம்ம பக்கம் தோலுக்குப் பஞ்சமா? ரப்பர் அடி சிமென்ட்ல பிடிச்சுக்கும். பாதம் நின்னுடும், உடம்பு திரும்பும், நடுவுல முட்டி மாட்டிக்கும். மேல சொன்ன வலிக்கு அதுவும் காரணமா இருக்கலாம். சாதா கேன்வாஸ் ஷூவுல ரப்பரைச் சீவிட்டு, முன்பாதத்துக்கு 2 மி.மீ. கனத்துல தோல் ஒட்டித் தைக்கச் சொல்லுங்க, சொரசொரப்புப் பக்கம் வெளியே. வழவழப்புப் பக்கம் வெளியே வந்தா சறுக்கிடும். வெறுங்கால் சரிவராது, வேர்த்தா ரப்பரைவிட மோசமா ஒட்டும்.

சாப்ளின் தொப்பி வாடகைக் கடையில கிடைக்கறது மெல்லிசு, விளிம்பு தொங்கிடும். ஃபெவிகாலும் தண்ணியும் சரிபாதி கலந்து உள்பக்கம் இரண்டு கை பூசுங்க. தலை அளவு குண்டான் ஒன்றைக் கவுத்து, பிளாஸ்டிக் கவர் சுத்தி, அதுமேல மாட்டி ஒரு ராத்திரி காயவிடுங்க. தலை அளவு எடுக்கறது காதுக்கு மேல ஒரு இஞ்ச், டேப் நெற்றி நடுவுல போகணும். உள்ளே சுத்துக்கும் அரை இஞ்ச் ஸ்பான்ஜ் பட்டை ஒட்டினா வேர்வையும் இழுக்கும், தொப்பியும் ஆடாது. தாடைக்குக் கீழ எலாஸ்டிக் மட்டும் போடாதீங்க, கழற்றிச் சுழற்றவே முடியாது. பிடிக்கறப்ப கட்டைவிரல் விளிம்புக்குக் கீழ, இரண்டு விரல் மேல.

கையுறைக்கு என்.சி.சி. அணிவகுப்புக்குப் போடற வெள்ளைப் பருத்திதான், ஆளுக்கு இரண்டு ஜோடி. மே மாச வேலூர் வெயிலுக்கு ஒன்னு நனைஞ்சிடும்.

சத்துவாச்சாரி_சதங்கை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குப்புறப் படுக்க வைத்து அளந்ததில், வலி சொன்ன இருவருக்கும் 20 டிகிரிகூட இல்லை. அவர்களுக்கு ஒற்றைக் கால் மட்டும் என்று மாற்றியாயிற்று. ஷூவும் தைக்கக் கொடுத்தாயிற்று. ஒரு சந்தேகம்: கையுறை போட்டதும் விரல் சொடுக்கு கேட்கவே இல்லை. கையுறையை எடுத்துவிடலாமா?

கூத்துக்கொட்டகை:

எடுக்காதீர்கள். கறுப்பு உடையில் வெறுங்கை இருந்தால் பத்தாவது வரிசைக்கு விரலே தெரியாது. இந்த ஆட்டத்தில் பாதி விரலில்தான் இருக்கிறது. கட்டைவிரல், நடுவிரல் இரண்டின் நுனியை மட்டும் முதல் கணுவரை வெட்டி, ஓரத்தை மடித்துத் தையுங்கள். தோல் தோலோடு உரசினால் சொடுக்கு நன்றாக விழும். சொடுக்கும் கை இடுப்புக்குப் பக்கத்தில், கீழேயே இருக்கட்டும். எட்டுப் பேரும் ஒரே அடியில் விழுகிறார்களா என்று பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக் கேளுங்கள். யாருடையது பிந்துகிறது என்று உடனே தெரிந்துவிடும்.